கோதுமையற்றது: ஒன்று

மார்ச் 4, செவ்வாய்

வேலையில் இருந்த காலத்தில், எட்டாம் வகுப்புக்குச் சராசரி நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "டீச்சர், வகுப்போட சராசரி உயரத்துல நான் எங்க இருக்கேன்?" வகுப்பே சிரித்தது. "உள்ளேதான் இருக்கே. ஆனா வெளியிலிருந்து பாக்கறவங்களுக்குத் தெரிய மாட்டே" என்றேன். நல்ல பதில் என்று அன்றைக்கு எனக்கே ஒரு திருப்தி.

எத்தனையோ வருடம் கழித்து இன்று காலை, தூறலில், பள்ளி வாசலில் மஞ்சள் கொடி பிடித்துப் பிள்ளைகளைச் சாலை கடத்திவிடும்போது அது நினைவுக்கு வந்தது. எங்கள் மலையடிப் பள்ளியில் மொத்தமே முப்பத்தொரு பிள்ளைகள். இதில் என்ன சராசரி!

மதியம் முதியோர் பொதுச் சாப்பாடு. எனக்கு மட்டும் வழக்கம்போல் தனிப் பெட்டி. பக்கத்து மேசை லாவ் அம்மாள் எட்டிப் பார்த்து, "டீச்சருக்கு மட்டும் ராஜ விருந்து" என்றாள். "உப்பில்லாத ராஜா" என்றேன். ரத்த அழுத்தம் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். அப்படியே இருக்கட்டும்.

மாலையில் புதிய மாதத்தின் மதிய உணவுப் பட்டியல் இணையத்தில் ஏறியிருந்தது. தீவு முழுவதும், ஒவ்வொரு பள்ளியிலும், எந்தக் கீரை எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது, எத்தனை பேருக்குச் சிறப்பு உணவு என்பது வரை. ஐந்து வருடம் முன் கெட்டுப்போன மீன் தின்று பிள்ளைகள் வாந்தியெடுத்தபோது, பெற்றோர்களோடு அலுவலக வாசலில் உட்கார்ந்து நாங்கள் கேட்டு வாங்கியது இது. பார்க்கும்போதெல்லாம் வயிறு நிறைகிறது.

மார்ச் 6, வியாழன்

வயிறு நிறைந்தது என்று எழுதிய கை.

குப்பை வண்டிப் பாட்டு கேட்டுப் பையோடு இறங்கினேன். காலை உணவுக் கடையில் முள்ளங்கிப் பலகாரம் புரட்டும் பெண்ணும் நின்றிருந்தாள். போன செப்டம்பரில் மகளோடு ஊருக்கு வந்தவள். அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஆ-லான் என்று வைத்துக்கொள்கிறேன். மகள் டோடோ. அதுவும் நான் வைத்த பெயர். மூன்றாம் வகுப்பு. கோதுமை பட்டால் குடல் வீங்கிவிடும். சோயா சாஸில்கூடக் கோதுமை உண்டு என்பதையே அவளால்தான் நான் தெரிந்துகொண்டேன். இந்தத் தீவில் அப்படிப்பட்ட பிள்ளைகள் மிகவும் அபூர்வம்.

"டீச்சர், இந்த மதியச் சாப்பாட்டுப் பக்கம் உங்க ஆளுங்க செஞ்சதுதானே?"

"ஆமாம். நல்லா இருக்கா?" என்றேன், பெருமையாக.

"ரொம்ப நல்லா இருக்கு. என் புருஷனுக்கும் ரொம்பப் பிடிச்சிருக்கு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தணிந்த குரலில் சொன்னாள். அவன் அடித்து இவள் கை முறிந்தது. அவன் இவளை நெருங்கக் கூடாது என்று நீதிமன்றம் எழுதிக் கொடுத்திருக்கிறது. பள்ளியில் பெயரை மறைத்து, முகவரிப் பதிவையும் மாற்றாமல் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டார்கள். எல்லோரும் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்தார்கள். ஆனால் போன வாரம் அவன் ஒரு குடும்ப விருந்தில் இவள் தங்கையின் காதில் விழும்படி சொன்னானாம்: "கோதுமை திங்காத புள்ளைங்க இந்தத் தீவுல எத்தனை இருக்கும்? எண்ணிடலாம்." சிறப்பு உணவுப் பட்டியலில், செப்டம்பருக்குப் பிறகு பூஜ்யம் ஒன்றாக மாறிய பள்ளிகளைத் தேடியிருக்கிறான். நான்கு கிடைத்ததாம். அதில் ஒரு பள்ளி வாசலில் ஏற்கெனவே போய் நின்றுவிட்டு வந்துவிட்டான்.

"வேற ஊருக்குப் போயிடேன்" என்றேன் நான், முட்டாள்தனமாக.

"போலாம். எங்க போனாலும் அந்த ஒண்ணு என் பின்னாடியே வருமே, டீச்சர்."

வண்டி வந்தது. பையை எறிந்துவிட்டுப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து நானே செய்து பார்த்தேன். பட்டியலை இறக்கினேன், வரிசைப்படுத்தினேன். போட்ட தேநீர் ஆறுவதற்குள் எங்கள் பள்ளி வந்து நின்றது. கோதுமையற்றது: ஒன்று.

மார்ச் 8, சனி

மருந்துக்கடை மாடியில், அரசுத் தகவல்களை எல்லோரும் பார்க்கும்படி திறந்துவைக்கும் எங்கள் தன்னார்வக் குழுவின் கூட்டம். கடைக்காரி சாய்-யுன் பகலில் மருந்து கொடுப்பாள், மற்ற நேரத்தில் கணினி நிரல் எழுதுவாள். அந்த உணவுப் பட்டியலைக் கண்ணுக்கு அழகான வரைபடமாக்கியவள் அவள்தான். இங்கே புது வேலை தொடங்குவதைக் குழி தோண்டுவது என்பார்கள். சேர்ந்துகொள்ள விரும்புகிறவர்கள் குழியில் குதிக்க வேண்டும்.

"ஃபாங் டீச்சர் இன்னைக்குக் குழி தோண்டப் போறாங்களாம்!" என்று யாரோ கத்த, எல்லோரும் கை தட்டினார்கள்.

எழுந்தேன். "நம்ம ஊருல ஒரு பொண்ணு இருக்கா..." என்று தொடங்கினேன். எதிர்ச்சுவரில், பெரிய திரையில், எழுத்துகள் ஓடின: 'ஃபாங்: நம் ஊரில் ஒரு பெண் இருக்கிறாள்'. கூட்டத்தில் பேசுகிற ஒவ்வொரு சொல்லையும் ஒருவர் தட்டச்சு செய்துகொண்டே இருப்பார். யார் வேண்டுமானாலும் எங்கிருந்தும் அந்த நொடியே படிக்கலாம். எங்கள் வழக்கம் அது. எத்தனை முறை அதைப் புகழ்ந்து பேசியிருக்கிறேன்!

தண்ணீர் குடிப்பதுபோல் நடித்தேன்.

"சொல்லுங்க டீச்சர், ஒரு பொண்ணு இருக்கா, அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. நல்ல பொண்ணு."

சிரித்தார்கள். 'அனைவரும் சிரிப்பு' என்று திரையில் வந்தது. கூட்டம் முடிந்து படியிறங்கும்போதுதான் சாய்-யுன்னைக் கையைப் பிடித்து நிறுத்தி உண்மையைச் சொன்னேன். அவள் முகம் மாவு பூசியதுபோல் ஆகிவிட்டது.

மார்ச் 10, திங்கள்

சாய்-யுன் எங்கள் பள்ளியின் அந்த ஒரு வரியை மட்டும் வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டாள். அலுவலகத்தின் பட்டியலில் இன்னும் இருக்கிறது என்றாலும், தேட வசதியானது எங்களுடையதுதான். கொஞ்சம் மூச்சு வந்தது.

மார்ச் 11, செவ்வாய்

மூச்சு போய்விட்டது.

எங்கள் வரைபடத்துக்கு மாற்றங்களைக் காட்டும் பக்கம் ஒன்று உண்டு. யார், எதை, எப்போது, ஏன் மாற்றினார்கள் என்று எல்லாம் அதில் தெரியும். சேர்த்தது பச்சை, நீக்கியது சிவப்பு. தீவிலுள்ள ஆயிரக்கணக்கான பள்ளிகளில் எங்கள் பள்ளி வரி மட்டும், நடுவில், சிவப்பாக! காரணம் எழுதும் இடத்தில் பாவம், 'சீரமைப்பு' என்று போட்டிருக்கிறாள். தெற்கிலிருந்து ஒரு நல்ல மனிதர் மதியத்துக்குள் வரியைத் திருப்பிச் சேர்த்துவிட்டு, 'காரணம் போதவில்லை. வெளிப்படையாக இருப்போம், நன்றி' என்று ஒரு சிரித்த முகமும் போட்டிருக்கிறார். இப்போது அதே வரி சிவப்பில் ஒரு முறை, பச்சையில் ஒரு முறை.

"நான் ஒரு மடச்சி டீச்சர். மடச்சி!" என்று சாய்-யுன் ஃபோனில் அழுதாள்.

ஆ-லானிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னேன். பலகாரத்தைப் புரட்டியபடியே கேட்டாள். "நீங்க மறைக்க மறைக்க நான் இன்னும் பளிச்னு தெரியறேன் டீச்சர்." திட்டியிருந்தால் தேவலை.

ஒரு கிளாஸ் சோயாப் பால் ஊற்றிக் கொடுத்தாள். காசு வாங்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

மார்ச் 12, புதன்

டோடோவுக்கு வீட்டுச் சோறே கட்டிக் கொடுத்துவிட்டால்? ஆ-லானும் அதை யோசித்துவிட்டாளாம். ஒன்று திடீரென்று பூஜ்யமானால், அதுவும் ஒரு செய்தி. மார்ச் மாதத்தில் யார் பயந்துபோனார்கள் என்று தேடுகிறவனுக்கு அது போதும்.

மார்ச் 13, வியாழன்

பேருந்தில் மாவட்டத் தலைநகருக்குப் போனேன். மதிய உணவுத் தகவல் அலுவலகத்தின் கிளைப் பொறுப்பாளர் துவான். தீவு முழுவதற்குமான பட்டியலை இணையத்தில் ஏற்றுவது இந்தக் கிளைதான். ஐம்பது வயதிருக்கும். மரியாதையானவர். அதுதான் எரிச்சல். கத்துகிறவரோடு சண்டை போடலாம்.

"பேர் இல்ல, அடையாள எண் இல்ல, விலாசம் இல்ல. சட்டப்படி இது தனிநபர் தகவலே இல்ல, டீச்சர்."

"ஒரே ஒருத்தர்தானே அதுல இருக்காங்க."

"அது யாருன்னு எனக்குத் தெரியாதே?"

"தெரிய வேண்டாதவனுக்குத் தெரியுமே!"

பேனாவை மூடி வைத்தார். என் நோக்கம் புரிந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆ-லானுக்கு உதவும் சமூக நலப் பணியாளர், பெயர் சொல்லாமல், ஏற்கெனவே ரகசியக் கடிதம் அனுப்பியிருக்கிறாராம். "ஆனா ஒரு பள்ளிக்கூடத்தை மட்டும் மறைச்சா என்ன ஆகும்னு உங்க ஆளுங்களே செஞ்சு காட்டிட்டாங்க. எல்லாப் பள்ளிக்கும் சேர்த்து மாத்தணும்னா பொதுக் கருத்து கேக்கணும். காரணத்தைப் பக்கத்துல போடணும். அது விதி." கொஞ்சம் நிறுத்தி, "அந்த விதிக்காகத்தான் நீங்க அஞ்சு வருஷம் முன்னாடி இந்த வாசல்ல உக்காந்தீங்க. நான்தான் உங்களுக்கு வெந்நீர் கொண்டாந்து கொடுத்தேன்" என்றார்.

எனக்கு அவரை நினைவில்லை. அதையும் சொல்லவில்லை.

காரணத்தைச் சொன்னால் அவள் வெளியே தெரிவாள். சொல்லாவிட்டால் காரணமே இல்லை. திரும்பும் வழியெல்லாம் பேருந்துக் கண்ணாடியில் என் முகத்தையே முறைத்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 20, வியாழன்

அலுவலகத்தின் கருத்துச் சுவரில் என் வரி ஏறிவிட்டது: 'எண்ணிக்கை மிகச் சிறியதாக இருந்தால் அதைக் காட்ட வேண்டாம்.' அந்தச் சுவரில் யாரும் யாருக்கும் பதில் எழுத முடியாது. ஒப்புக்கொள்கிறேன், மறுக்கிறேன், கடந்து போகிறேன், இந்த மூன்றுதான். பதில் எழுத இடம் இருந்தால் சண்டை வரும் என்று எடுத்துவிட்டார்கள். நல்ல ஏற்பாடு என்று ஒரு காலத்தில் நானே எல்லோரிடமும் சொன்னேன்.

மறுத்தவர்கள்தான் அதிகம்.

மார்ச் 24, திங்கள்

ஒரு தகப்பன் எழுதியிருக்கிறார்: 'எண்ணை மறைத்தால் சமையலறை மறந்துவிடும். நிலக்கடலை ஆகாத என் மகன் மயங்கி விழுந்த அன்று, அவன் பள்ளியின் எண் பூஜ்யமாக இருந்தது.'

ஐயா, நான் உங்கள் மகனுக்கு எதிரி இல்லை என்று எழுத வேண்டும். எங்கே எழுதுவது? ஒப்புக்கொள்கிறேன் என்று அழுத்தினேன். என் வரிக்கும் ஏற்கெனவே ஒப்புக்கொள்கிறேன் என்று அழுத்தியிருக்கிறேன். இயந்திரம் எங்களை இரண்டு கூட்டமாகப் பிரித்துப் படம் வரைந்து காட்டுகிறது. இரண்டுக்கும் நடுவே, வெட்டவெளியில், ஒரே ஒரு புள்ளி. அதன்மேல் 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறது.

ஏப்ரல் 2, புதன்

இன்றைய புது வரிகளில் ஒன்று: 'மறைக்க ஆரம்பித்தால் நாளைக்குக் கெட்டுப்போன மீனையும் மறைப்பார்கள்.' இன்னொன்று: 'ஓய்வுபெற்ற யாரோ ஒருவரின் கற்பனைப் பயம். ஒரு உதாரணமாவது கொடுங்கள்.'

உதாரணம்! என்னிடமா? வாழ்நாளெல்லாம் உதாரணம் சொல்லியே பிழைத்தவள் நான். பின்னத்துக்கு அன்னாசிப் பழம், விகிதத்துக்கு மீன்குழம்பு, எதிர்ம எண்ணுக்கு வற்றிய கிணறு. இப்போது கையில் ஒரு உதாரணம் இருக்கிறது, உயிரோடு, மூன்றாம் வகுப்பில், மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு. அதை மட்டும் சொல்லக் கூடாது.

இன்று காலை சாலை கடக்கும்போது அவள் என் கொடியைத் தொட்டுவிட்டுப் போனாள். தினமும் தொடுவாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

கல்லறை சுத்தம் செய்யும் நாள். மகன் சுங்-ஹான் வந்திருந்தான். அவன் அப்பாவின் கல்லறையில் புல் பிடுங்கும்போது, "உடம்பு எப்படிம்மா இருக்கு?" என்றான். "நல்லா இருக்கேன்" என்றேன்.

ஏப்ரல் 9, புதன்

வேறு எதையோ தேடப்போய் இதைப் பார்த்தேன். எங்கள் பள்ளிச் சமையலறைதான் முதியோர் சாப்பாட்டையும் சமைக்கிறது. அதனால் நாங்களும் அதே பட்டியலின் அடியில், தெரு வாரியாக இருக்கிறோம். எளிதில் மெல்லக்கூடிய உணவு, சர்க்கரை குறைந்த உணவு, பிறகு—

எங்கள் தெரு. சிறுநீரக நோயாளர் உணவு: ஒன்று.

நான்தான்.

மருத்துவருக்கும் எனக்கும் நடுவே மட்டும் இருப்பதாக இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தது, ஆறு மாதமாக ஊர்ச் சுவரில் ஒட்டியதுபோல் எல்லோர் கண்ணிலும் இருக்கிறது. லாவ் அம்மாளுக்குத் தெரியுமா? தெரிந்துதான் ராஜ விருந்து என்கிறாளா? முதலில் கோபம் வந்தது. பிறகு வெட்கம். கடைசியில்— உதாரணமாகச் சொல்லக்கூடிய ஒன்று கிடைத்துவிட்டது.

ஏப்ரல் 23, புதன்

பொதுக் கலந்தாய்வு. நாற்பது பேர் நேரில், மற்றவர்கள் திரையில். மூலையில் பதிவு செய்கிறவர்கள் இருவர். நிலக்கடலைப் பையனின் தகப்பனும் வந்திருந்தார். லாரி ஓட்டுகிறவராம், பெயர் ஹுவாங்.

என் முறை வந்தது.

"துவான் ஐயா, பட்டியலைத் திறங்க. கடைசிப் பகுதி, எங்க தெரு. சிறுநீரகம்னு இருக்கற இடத்துல என்ன போட்டிருக்கு?"

"ஒண்ணு."

"எங்க தெருவிலிருந்து சாப்பிட வர்ற கிழடுங்க எல்லாரும் ஒரே மேசையிலதான் உக்காருவோம். அதுல தனிப் பெட்டி ஒருத்திக்குத்தான். என் மகனுக்குச் சொல்லல. என் கூடப் பொறந்தவளுக்குச் சொல்லல. நீங்க சொல்லிட்டீங்க. உதாரணம் கேட்டாங்க இல்லையா? நான்தான் உதாரணம்."

துவான் குனிந்து தன் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹுவாங்தான் முதலில் பேசினார். "டீச்சர், எனக்கு அந்த எண் வேணும்னு யாரு சொன்னது? என் பையனுக்குத் தனியா சமைச்சேன்னு தினமும் யாராவது கையெழுத்துப் போடணும். அது தெரிஞ்சா போதும். எண்ணை வெச்சு நான் என்ன, சோறா பொங்கறது?"

சிரிப்பு. எல்லோரும் இறுக்கம் தளர்ந்து பேச ஆரம்பித்தார்கள். என்ன வாங்கினார்கள், யார் சமைத்தார்கள், யார் சரிபார்த்தார்கள், எல்லாம் திறந்தே இருக்கட்டும். எண் ஐந்துக்குக் கீழே போனால் மட்டும் காட்ட வேண்டாம். துவானின் உதவியாளர் எழுதிய வரைவில், பூஜ்யத்தைப் பூஜ்யமாகவே காட்டுவது என்று இருந்தது. நான் மறுபடி எழுந்தேன். "நேத்து பூஜ்யம், இன்னைக்கு 'ஐந்துக்குக் கீழ்' அப்படின்னா, யாரோ வந்திருக்காங்கன்னு அர்த்தம். பூஜ்யமும் அதுக்குள்ளயே போகணும்." ஏழாம் வகுப்புக் கணக்கு. எழுதிக்கொண்டார்கள்.

திரும்பும்போது கால் வீங்கியிருந்தது.

ஏப்ரல் 28, திங்கள்

கலந்தாய்வின் சொல்லுக்குச் சொல் பதிவு வந்திருக்கிறது. வெளியிடும் முன் அவரவர் பேச்சை அவரவர் திருத்திக்கொள்ளலாம்.

"நோய் பத்தினதை எடுத்துடலாம் டீச்சர். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றாள் சாய்-யுன்.

எடுத்தால் மிச்சம் என்ன இருக்கிறது? ஒரு கிழவி நாற்காலியிலிருந்து எழுந்தாள், உட்கார்ந்தாள். 'கிழடுங்க' என்பதை மட்டும் 'முதியோர்' என்று மாற்றினேன். லாவ் அம்மாள் படிப்பாள்.

சுங்-ஹானுக்கு நானே சொல்லிவிட வேண்டும். நாளைக்கு.

மே 6, செவ்வாய்

நாளைக்கு.

மே 11, ஞாயிறு

அன்னையர் தினம். கேக் இல்லை, ஒன்றுமில்லை. சுங்-ஹான் விடியற்காலை ரயிலில் வந்து வாசலில் நின்றான். பதிவு வெள்ளிக்கிழமை வெளியாகிவிட்டது. அவன் அலுவலகத்தில் யாரோ, "இது உங்க அம்மா ஊர்தானே?" என்று அனுப்பியிருக்கிறார்கள்.

"ஊருக்கெல்லாம் திறந்த தகவல். எனக்கு மட்டும் மூடினதா?"

"உனக்கே ஆயிரம் வேலை..."

"வேலை! அம்மா, நான் உன் பையன். கருத்துச் சுவர்ல ஓட்டுப் போட்டுட்டுப் போறவன் இல்ல!"

பதில் எழுத இடமில்லாத சுவரை விட இது மோசம். பதில் சொல்ல இடமிருந்தும் என்னிடம் பதில் இல்லை. அவன் சமையலறைக்குள் போய், உப்பு ஜாடியைத் திறந்து பார்த்து, மூடி வைத்தான். பிறகு என் மருந்துகளையெல்லாம் மேசையில் பரப்பி ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக்கொண்டான். மாலையில் கிளம்பும்போது, "அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு நான் வரேன். தேதி சொல்லு. இப்பவே சொல்லு" என்றான். சொன்னேன்.

எதற்காக இவ்வளவும் என்று அவனிடம் சொல்ல முடியவில்லை. அது என் ரகசியம் இல்லையே.

மே 20, செவ்வாய்

முடிவு என்ன ஆயிற்று என்று துவானைக் கேட்டேன். "தலைமை அலுவலகத்துல பரிசீலனையில இருக்கு." பரிசீலனை! பதிவு வெளியிட இரண்டு வாரம். அதைப் படித்து முடிவெடுக்க எத்தனை யுகம்? என் சிறுநீரகத்தை உலகமே படித்துவிட்டது. பட்டியல் அப்படியே இருக்கிறது.

மே 27, செவ்வாய்

பள்ளிச் சமையலறைக்கு ஃபோன் வந்திருக்கிறது. ஓர் ஆண் குரல், சாஸ் கம்பெனியிலிருந்து பேசுவதாகச் சொன்னதாம். "கோதுமை இல்லாத சோயா சாஸ் உங்களுக்கு இன்னும் வேணுமா?" சமையல்காரம்மா வெகுளியாக, "வேணுமே, எங்க புள்ளைக்கு அதுதானே" என்றிருக்கிறார். கம்பெனிப் பெயரைக் கேட்பதற்குள் துண்டித்துவிட்டானாம்.

அந்த அம்மாள் அழுதுகொண்டே தலைமையாசிரியையிடம் ஓடினார். போலீஸ் வந்தது. நான் கடைக்கு ஓடினேன். ஆ-லான் மேலங்கியைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஜூன் முதல் வாரம் புதுப் பட்டியல் ஏறும் இல்லையா டீச்சர்?"

"ஏறும்."

"அப்ப நாங்க போற இடத்துல, அன்னிக்கே ஒரு ஒண்ணு ஏறும்."

அவளே என் தோளைத் தட்டினாள். "விடுங்க டீச்சர். உங்க ஒண்ணையும் என் ஒண்ணையும் கூட்டினா ரெண்டு. உங்க கணக்குப்படி அதுவும் அஞ்சுக்குக் கீழதானே?" அந்த நேரத்திலும் அவளுக்கு எங்கிருந்து வருகிறது இந்தக் கேலி!

மே 28, புதன்

போய்விட்டார்கள். எங்கே என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. காலையில் கொடியை யாரும் தொடவில்லை.

ஜூன் 2, திங்கள்

மறுபடி பேருந்து, மறுபடி துவான். பக்கத்து மேசையில் ஒருவர் இருந்தார். அதனால் பொதுவாகத்தான் பேச முடிந்தது.

"இந்த மாசப் பட்டியல் எப்ப ஏறும்?"

"வெள்ளிக்கிழமை."

"புது விதி?"

"இன்னும் கையெழுத்தாகல."

"விதி வராம பட்டியல் ஏறினா..." அலுவலகத்தில் அழுதேன். என்ன வெட்கக்கேடு. துவான் எழுந்து போய் வெந்நீர் கொண்டுவந்து வைத்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பழைய மாசங்களையும் சேத்து மாத்தணும், இல்லையா டீச்சர்?"

"ஆமாம்."

"அது பெரிய வேலை" என்று மட்டும் சொன்னார்.

ஜூன் 6, வெள்ளி

பட்டியல் ஏறவில்லை. 'பழைய தரவுகளின் பராமரிப்புப் பணியால் தாமதம். வருந்துகிறோம்.' கீழே துவானின் பெயர்.

கருத்துச் சுவரில் நெருப்பு. 'வெளிப்படைத்தன்மை எங்கே?' 'சோம்பேறி அதிகாரியை மாற்றுங்கள்!' எங்கள் கூட்டத்திலிருந்தே மூன்று பேர் காரசாரமாக எழுதியிருக்கிறார்கள். வேறு சமயமாக இருந்தால் நான்தான் முதலில் எழுதியிருப்பேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் அரசாங்கத் தாமதத்தை நினைத்து நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். அவருக்காக ஒரு வரி எழுத வேண்டும்போல் இருந்தது. எழுதினால் ஏன் என்று கேட்பார்கள். எழுதவில்லை.

ஜூன் 20, வெள்ளி

விதி வந்துவிட்டது. பூஜ்யம் முதல் நான்கு வரை எல்லாம் ஒரே சொல்: 'ஐந்துக்குக் கீழ்'. பழைய மாதங்களுக்கும் சேர்த்து. சிறப்பு உணவு சமைத்தவரின் கையெழுத்துப் படம் தினமும் ஏறும். ஹுவாங் ஒரு பெட்டி வாழைப்பழம் அனுப்பியிருக்கிறார். என் சிறுநீரகத்துக்கு வாழைப்பழம் ஆகாது, பாவம், அது அவருக்கெங்கே தெரியும். தெருவுக்கெல்லாம் கொடுத்தேன். பழைய பட்டியலின் நகல்கள் எத்தனையோ கணினிகளில் இருக்கும். அதிலெல்லாம் எங்கள் ஊர்தான் இருக்கிறது. அவர்கள் எங்கள் ஊரில் இல்லை.

தாமதத்துக்காகத் துவானுக்குக் கண்டனக் குறிப்பு கொடுத்திருக்கிறார்களாம். அதுவும் வெளிப்படையாகப் பக்கத்தில் ஏறியிருக்கிறது.

செப்டம்பர் 15, திங்கள்

பள்ளி திறந்து இரண்டு வாரம். மூன்று புதுப் பிள்ளைகள். ஆஸ்பத்திரிக்கு சுங்-ஹானோடு போய்வந்தேன். ரத்தப் பரிசோதனை எண்கள் அப்படியே இருக்கின்றன, ஏறவில்லை.

மத்தியானம், செய்யக் கூடாது என்று தெரிந்தும், பட்டியலை இறக்கி வரிசைப்படுத்தினேன். டோடோ எங்கேயோ நான்காம் வகுப்பில் இருப்பாள். சோயா சாஸ் பற்றி அங்கே இருக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்குமா? வடக்கு, தெற்கு, கிழக்குக் கரை, சுற்றியுள்ள சிறு தீவுகள் என்று ஒவ்வொரு மாவட்டமாகப் பார்த்தேன். கோதுமையற்றது: ஐந்துக்குக் கீழ். ஐந்துக்குக் கீழ். ஐந்துக்குக் கீழ். சந்தேகப்படுகிற ஒரு கணக்கு டீச்சருக்குத் தெரிந்த எல்லா வழிகளிலும் தேடினேன். தேநீர் ஆறி, ஏடு படிந்து, வெளியே குப்பை வண்டி வந்து போய்விட்டது.

கிடைக்கவில்லை.

சாய்-யுன் புதிதாகக் குழியில் குதிக்கிறவர்களுக்கு, பக்கத்தின் தலையில் போட ஒரு வரி கேட்டிருந்தாள். இதை அனுப்பினேன்: எந்தப் பட்டியலையும் ஊருக்குத் திறக்கும் முன், அதில் 'ஒன்று' என்று இருக்கும் இடத்தைத் தேடுங்கள், அந்த ஒருவரைக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று நீங்களே ஒருமுறை முயன்று பாருங்கள்.